தேரியில் செங்காந்தள்: மரம் நடுவதா, மணலை விட்டுவைப்பதா?

தேரிமணல் (திசையன்விளை):

நண்பர்களுக்கு வணக்கம். நம் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளில் செங்காந்தள் அற்றுப்போகும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. மாநில மலர் என்று பள்ளிச் சுவர்களில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இட்டமொழியிலிருந்து உவரி வரையுள்ள ஊர்களில் இன்றைய பிள்ளைகள் அதைக் கொடியில் பார்த்தது அரிது.

உலக அளவில் இது அருகிய இனமன்று. ஆப்பிரிக்கா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை வளர்கிறது. அதைச் சொல்லித்தான் பலரும் என் வாயை அடைக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான் என்பதால் ராதாபுரம் வட்டத்துத் தேரிக்கு என்ன வந்தது? இங்கே இருப்பது போனால் போனதுதான்.

முதல் தொல்லை கிழங்கு தோண்டுகிறவர்கள். தை, மாசியில் கொடி மஞ்சளாகிக் காயும்போது சாக்கும் கடப்பாரையுமாக வருகிறார்கள். இதைப் பயிராக வளர்க்கும் வெளி மாவட்டங்களுக்கு விதைக்கிழங்காக எடைபோட்டு விற்கிறார்கள் என்று கேள்வி. உடைமரத் தூரில் ஒன்று, கொழுக்கட்டைப் புல் திட்டில் ஒன்று என்று கொடி கண்ட இடமெல்லாம் குழி. போன மாசியில் தோண்டிய இடங்களை மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். மணல் சரிந்து குழி மூடியிருக்கிறது, கொடி தலைகாட்டவில்லை. தோண்டாமல் விட்ட இடங்களில் முழ உயரம் எழும்பி, இலை நுனியைச் சுருட்டிப் புல்லின் தாளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது தொல்லை நல்ல எண்ணத்தோடு வருகிறது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேசச் சங்கடமாக இருக்கிறது. நகரத்து இளைஞர் குழு ஒன்று எங்கள் ஊர்ப் புறம்போக்குத் தேரியில் மரக்கன்று நடப்போகிறது. 'வெறும் மணலாகக் கிடக்கும் தரிசு பசுமையாகும்' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அந்த வெறும் மணலில்தான் மிச்சமிருக்கும் காந்தள் நிற்கிறது. என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விடிலி (உடன்குடி):

அண்ணாச்சி, குதிரைமொழித் தேரி ஓரத்திலும் இதே கதைதான். என் அப்பா பனையேறி. கார்த்திகையில் பனைக்குப் பனை வேலியோரம் சிவப்பாகத் தெரியும். எங்கள் ஆட்கள் பிடுங்க மாட்டார்கள். நஞ்சு என்று பயம் ஒருபுறம், கார்த்திகைப் பூவைக் காலால் மிதிக்கக்கூடாது என்ற மரியாதை ஒருபுறம். இப்போது பனை ஏறுகிறவர் குறைந்துவிட்டார். ஆள் நடமாட்டம் இல்லாத பனங்காட்டில் சீமை உடை (சீமைக்கருவேலம்) புகுந்து, உள்ளே கால் வைக்க முடியாதபடி அடைத்துவிட்டது. அதனடியில் புல்லும் இல்லை, காந்தளும் இல்லை. கிழங்கு தோண்டுகிறவர்கள் வராத இடத்திலும் செடி போய்விட்டது என்றால் இதுதான் காரணம் என்பேன்.

கற்குவேல் அய்யனார், அருஞ்சுனை காத்த அய்யனார் போன்ற கோயில்களைச் சுற்றியுள்ள தேரியில் யாரும் துணிந்து கடப்பாரை போட மாட்டார்கள். சாமிக்குப் பயந்து காக்கப்பட்ட மண் அது. கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்து அந்தச் செம்மணலைப் பிடியளவு அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிற சனங்களிடம் 'கிழங்கைத் தோண்டாதே' என்று சொன்னால் கேட்பார்கள். அதிகாரிகள் சொல்வதைவிட அங்கே சொல்வது எடுபடும்.

மூலனூர் வெள்ளாமை:

குற்றச்சாட்டு எங்கள் பக்கம் வருவதால் பேசுகிறேன். எங்கள் ஊரில் இதைக் கண்வலிக்கிழங்கு என்போம். மூலனூர், ஒட்டன்சத்திரம், ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் பல குடும்பங்களுக்கு இதுதான் சோறு. விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள். கவுட் என்னும் மூட்டுநோய்க்கு அது மருந்து. பயிர் ஆராய்ச்சியில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

காட்டுக்கிழங்கு வாங்கி நடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதை நியாயப்படுத்த மாட்டேன், ஏனென்றால் அது வெள்ளாமைக்கே நட்டம். இந்தக் கிழங்கு கலப்பைபோல் இரு கவராக இருக்கும். முளை ஒவ்வொரு கவரின் நுனியிலும்தான் உண்டு. உருளைக்கிழங்கில்போல உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கவர் செத்தது. கடப்பாரை போட்டு அவசரமாகப் பெயர்க்கும் கிழங்கில் நுனி தப்புவதே அபூர்வம். சாக்கில் குலுங்கி வந்து சேரும்போது மீதியும் ஒடிந்து, காயத்தில் அழுகல் பிடித்திருக்கும். விவரம் தெரிந்த விவசாயி தன் வயல் கிழங்கில் 50, 60 கிராம் எடையுள்ளதைப் பொறுக்கி ஆடியில் நடுவான். விலை ஏறுகிற ஆண்டில் புதிதாக இறங்குகிறவர்கள்தான் கிடைத்ததை வாங்குகிறார்கள். ஆகவே விலை ஏறினால் உங்கள் தேரிக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகும். மாசியில் தோண்டுகிறவன் அடுத்த ஐப்பசிக்கான கிழங்கைத்தான் எடுத்துப்போகிறான். மண்ணுக்குள் வேறு கையிருப்பு இல்லை.

பசுமைப் பாளை (பாளையங்கோட்டை):

நோட்டீஸ் அடித்த குழுவில் நானும் ஒருவன். மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆடிக் காற்றில் அந்தத் தேரி மணல் எழும்பித் தெருவில் கொட்டுகிறது என்று ஊரில் சிலர் கேட்டுக்கொண்டதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். மாநிலத்தின் வனப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 சதவீதமாக்க வேண்டும் என்று 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்களே, அதற்கு நம்மால் ஆனது என்று நினைத்தோம். வேம்பு, புங்கு, புளி எல்லாமே நாட்டு மரங்கள். ஒரு பூச்செடிக்காக மரமே வேண்டாம் என்பது எனக்கு ஏற்கவில்லை. நிழல் இருந்தால் ஈரம் நிற்கும், ஈரம் நின்றால் காந்தளும் செழிக்கும் அல்லவா?

கொழிஞ்சி (தாவரவியல் மாணவி, நெல்லை):

அண்ணா, உங்கள் உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடைசி வரியில் சொன்னது தேரிக்குப் பொருந்தாது.

தேரி தரிசாகிப்போன காடு அல்ல. காற்று கொண்டுவந்து குவித்த மணல், ஒவ்வொரு துகளின்மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு ஏறிச் செம்மணலானது. அதற்குள் பழைய மனிதர்களின் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன என்றால் எவ்வளவு காலத்து நிலம் என்று பாருங்கள். மழைநீரை உடனே உள்ளே இறக்கிவிடும். மேல்மணல் காய்ந்துதான் கிடக்கும். அந்தக் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பழகிய செடிகள்தான் அங்கே வாழ்கின்றன. ஐப்பசி மழைக்குப் பின் குனிந்து பாருங்கள். விரல்நுனி அளவு நீலப்பூவோடு விஷ்ணுகிராந்தி, மணலோடு மணலாகப் படர்ந்த செப்பு நெருஞ்சில், ஒற்றை இதழ் மட்டும் பெரிதாக நீண்ட ஓரிதழ்தாமரை, கொழிஞ்சி, தும்பை. நின்றபடி பார்த்தால் 'வெறும் மணல்'தான் தெரியும்.

காந்தள் ஆண்டில் பாதிக்கு மேல் கிழங்காக மண்ணுக்குள் உறங்குகிறது. மழை கண்டு எழுந்து, நாலைந்து மாதத்துக்குள் தழைத்து, பூத்து, காய்த்து, அடுத்த கிழங்கையும் நிரப்பிவிட்டு மறைய வேண்டும். அந்தக் குறுகிய காலத்தில் வெயில் முழுதாக வேண்டும். புதர் விளிம்பில் நிற்கும், ஒரு பற்றுக்கோடு கிடைத்தால் ஏறும். மரக்கிளைகள் கவிந்து மூடிய அடர்நிழலில் கொடி மெலிந்து, பூக்காமலே காய்ந்துவிடும். பூக்காத செடி விதைக்காது. விதையே மெதுவாகவும் ஒழுங்கின்றியும் முளைப்பது. முளைத்ததும் கிழங்கு பருத்துப் பூவுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே வளர்ந்த கிழங்கு ஒன்றை இழந்தால் அதை ஈடுகட்டுவது எளிதில்லை.

பூவையும் ஒருமுறை அருகில் இருந்து பாருங்கள். மொட்டு பச்சை. விரியும்போது இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடங்கும். அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருந்து, நாள் ஏற ஏற மஞ்சள் முழுவதும் சிவப்பாகிவிடும். மகரந்தத் தாள்கள் சுற்றிலும் கிடையாக விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டி நிற்கும். மகரந்தம் தானாகச் சூல்முடியில் விழுவது அரிது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ இடையில் வந்து உரச வேண்டும். தேரியில் பத்துக் கொடி சேர்ந்து நின்றால் அவை வரும். மூலைக்கு ஒன்றாகச் சிதறிவிட்டால் பூத்தும் காய்க்காமல் போகக்கூடும்.

மூலனூர் வெள்ளாமை:

மாணவி சொன்னது சரி. எங்கள் வயலில் காலை நேரத்தில் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறோம். ஆள்கூலியில் பெரும்பங்கு அதற்கே போகிறது. செய்யாமல் விட்டால் காய் பிடிப்பது குறைந்துபோகும்.

நெல்லை நார்விச்:

நான் கீழநத்தத்துக்காரன். இப்போது வேலை காரணமாகக் கிழக்கு இங்கிலாந்தில் இருக்கிறேன். நார்ஃபோக், சஃபோக் எல்லையில் பிரெக்லாண்ட் என்றொரு வறண்ட மணல் புல்வெளி இருக்கிறது. அங்கே நடந்ததை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த மணலும் நம் தேரிபோல ஓடிய மணல்தான். 17ஆம் நூற்றாண்டில் சான்டன் டவுனம் என்ற சிற்றூருக்குள் மணல் புகுந்து வீடுகளை மூடியது. 1922 முதல் அந்த வெளியில் பைன் மரங்களை நட்டு தெட்ஃபோர்டு காட்டை உருவாக்கினார்கள். முதல் உலகப்போரில் மரத்தட்டுப்பாடு வந்ததால் அப்போது அது நாட்டுக்குத் தேவையாகப் பட்டது. மரம் நன்றாகவே வளர்ந்தது. மணல்வெளிப் பூக்கள் வாழ இடம் சுருங்கியது. மிஞ்சிய புல்வெளியை முயல்கள் கொறித்துக் குட்டையாக வைத்திருந்தன. 1953இல் மிக்ஸோமடோசிஸ் என்ற நோய் பிரிட்டனுக்கு வந்து முயல்களைக் கொன்று குவித்தது. புல் உயர்ந்து, அடர்ந்து, மணல் தெரியாமல் மூடிவிட்டது.

ஸ்பானிஷ் கேட்ச்ஃப்ளை என்றொரு பூ. பிரிட்டனில் இந்த ஒரு வட்டாரத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மங்கலான மஞ்சள்பச்சையில் சின்னஞ்சிறு பூ, பகலில் கண்ணுக்கே தெரியாது. இரவில் மணம் வீசி அந்துப்பூச்சிகளையும் கொசுக்களையும்கூட அழைக்கிறது. அதன் விதை முளைக்க வெறும் மண் வேண்டும். அது மூடிப்போனதால் செடி குறைந்தது. இப்போது பாதுகாப்பு வேலை என்ற பெயரில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? புல்தோலைச் சுரண்டி எடுத்து மணலை வெளியே கொண்டுவருகிறார்கள். செம்மறியாடுகளைக் கூட்டிவந்து மேய்க்கிறார்கள். இவ்வளவு செலவு செய்து அவர்கள் திரும்ப உண்டாக்கப் பாடுபடும் வெறும் மணல் நம்மிடம் இலவசமாகக் கிடக்கிறது. அதை மூடிவிட்டுப் பிறகு சுரண்ட வேண்டாம்.

கிடைக்கோனார் பேரன் (நாங்குநேரி):

மேய்ச்சல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் கார் அறுப்புக்குப் பின் வயலில் கிடை போட்டுவிட்டு, மழைக்காலத்தில் ஆடுகளைத் தேரிப்பக்கம் பத்திக்கொண்டு போவார்கள். பழகிய ஆடு காந்தளில் வாய் வைக்காது. சுற்றியுள்ள புல்லைக் கடித்துவிட்டு அதை ஒதுக்கிப் போகும். புதிதாக வாங்கிய குட்டியும், அறுத்துப்போட்ட தழையோடு கலந்து தின்ற மாடும்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் கீதாரிகள் (கிடை ஆடுகளை நடத்திச் செல்லும் மேய்ப்பர்கள்) முன்னால் நடந்து பார்த்துவைப்பார்கள்.

இப்போது பாதையெல்லாம் முள்கம்பி வேலி. காற்றாலை, சூரியமின் தகடு என்று வாங்கிப்போட்ட நிலங்களுக்குள் ஆடு போக முடியாது. இதோடு தாமிரபரணி வெள்ளநீர்க் கால்வாயும் திசையன்விளைப் பக்கத்து எம்.எல். தேரி வரை வந்திருக்கிறது. தண்ணீர் வருவது நம் பகுதிக்குப் பெரிய வரம்தான். தாமிரபரணியில் வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போவதை என் தலைமுறை முழுவதும் பார்த்திருக்கிறது. ஆனால் தண்ணீர் வந்த இடத்தில் நிலத்தின் விலை ஏறும், தேரியைச் சமன்படுத்தி வாழை போடுவார்கள். அதற்குள் எந்தத் துண்டை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

நடத்துநர் குறிப்பு:

ஓர் உறுப்பினர் கொடி நிற்கும் இடத்தின் படத்தையும் வரைபடக் குறியீட்டையும் பதிந்திருந்தார். இரண்டையும் நீக்கியிருக்கிறோம். கிழங்கு தோண்டுகிறவர்களும் இணையம் பார்ப்பார்கள். ஊர்ப் பெயர் வரை சொல்லுங்கள், அதற்குமேல் வேண்டாம். கிழங்கும் விதையும் கடும் நஞ்சு என்பதால் வீட்டு வைத்தியக் குறிப்பு எதையும் இங்கே அனுமதிக்க மாட்டோம்.

வார்டு அக்கா (ராதாபுரம் வட்டம்):

நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். உணர்ச்சியோடு பேசுவது நல்லது, காகிதத்திலும் வர வேண்டும் தம்பிகளா. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற ஒன்றை அது பராமரிக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேட்டில் மா, வேம்பு, வாழை என்று எழுதி மூடிவைத்துவிடுகிறோம். தேரிப் புல்வெளியும், அதில் உள்ள காந்தளும், ஓரிதழ்தாமரையும், யார் எங்கே மேய்க்கிறார்கள் என்பதும் அதில் ஏறட்டும். பதிவேட்டில் இருந்தால், நாளைக்கு அந்த நிலத்தை யாராவது 'பயனற்ற தரிசு' என்று கேட்டு வரும்போது எடுத்துக்காட்ட நம் கையில் ஏதாவது இருக்கும்.

மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேரை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அது பாறைக்குன்றும் சுனையும் பழங்கோயிலும் உள்ள ஊர். தேரிக்கும் அப்படி ஒரு தகுதி கேட்பதில் தவறில்லை. ஆனால் அது நீண்ட வழி. முதல் அடி கிராம சபை. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று கூடுகிறது. காந்தள் மொட்டு விடும் நேரம், படத்தைக் காட்டிப் பேசலாம். தீர்மானத்தில் இரண்டே வரி போதும்: புறம்போக்குத் தேரியில் கிழங்கு தோண்ட அனுமதி இல்லை, அங்கே எந்தக் கன்று நட்டாலும் முன்கூட்டிச் சபையில் கேட்க வேண்டும். வெளியூர் ஆள் சாக்கோடு வந்தால் தடுத்துக் கேட்க ஊர்க்காரருக்கு அது போதும்.

பசுமைப் பாளை:

கொழிஞ்சி தங்கை எழுதியதையும் நார்விச் அண்ணன் எழுதியதையும் குழுவில் படித்துக் காட்டினேன். நீண்ட வாக்குவாதம் நடந்தது. பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் கேட்கும் கேள்வி நியாயமானது: தெருவில் மணல் கொட்டுகிற வீட்டுக்காரருக்கு என்ன பதில்?

விடிலி:

அதற்குப் பனை இருக்கிறது தம்பி. தேரி முழுக்க வேண்டாம். ஊருக்கும் தேரிக்கும் நடுவே காற்று வரும் பக்கம் மட்டும் இரண்டு மூன்று வரிசை. பனை நிழல் மெலிதானது, வெயில் கீழே இறங்கும். பனையடியில் புல்லும் காந்தளும் வளர்ந்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். புங்கும் புளியும் குளத்தங்கரைக்கும் சாலையோரத்துக்கும் போகட்டும். அங்கே நிழல் வேண்டும் என்று மக்களே கேட்கிறார்கள்.

சீமை உடையை அகற்றுவதற்கும் இந்தப் பிள்ளைகளின் கை வேண்டும். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் காந்தள் நிற்கும் இடத்தில் பொக்லைன் விடக்கூடாது, மண்ணைப் புரட்டிவிடும்.

மூலனூர் வெள்ளாமை:

என் வயல் விதை கொஞ்சம் அனுப்பட்டுமா? மழைக்கு முன் தூவிவிட்டால் தேரியில் மறுபடி பெருகும்.

கொழிஞ்சி:

ஐயா, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். தேரிக் காந்தள் இந்த மணலுக்கும் இந்தக் காற்றுக்கும் பல தலைமுறையாகப் பழகியது. வயல்விதை மகசூலுக்காகத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் கலந்தால் நாம் காக்க நினைத்ததே மாறிவிடும். வயல்கிழங்கில் வரும் அழுகல் நோயும் சேர்ந்து வரலாம். அதே தேரியில் காய் வெடிக்கும் நேரத்தில் சில காய்களை மட்டும் எடுத்து, பெரும்பங்கைச் செடியிலேயே விட்டு, பக்கத்து வெற்றிடத்தில் தூவலாம். அதையும் தோண்டல் நின்ற பிறகு செய்வோம்.

உங்களால் ஆகிற பெரிய உதவி வேறு ஒன்று. உங்கள் பக்கத்துப் புது விவசாயிகளிடம் காட்டுக்கிழங்கு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நுனி ஒடிந்த கிழங்குக்குக் காசு கொடுத்து ஏமாற வேண்டாம் என்ற முறையில் சொன்னால் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

மூலனூர் வெள்ளாமை:

சரி அம்மா. வரும் தையிலேயே சொல்லத் தொடங்குகிறேன். கிழங்கு பேரம் அப்போதுதான் சூடுபிடிக்கும்.

தேரிமணல்:

கிராம சபைக்கு வார்டு அக்கா தீர்மான வாசகம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்குநேரித் தம்பி கீதாரிகள் இருவரை அழைத்து வருகிறார். மேய்ச்சலுக்கும் பாதை விட வேண்டும் என்று அவர்களே சபையில் பேசட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பழைய முந்திரித் தோப்பு பட்டுப்போன மேற்கு மூலையில் புதுக் கன்று வைக்கலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நான் அந்த மூலையும் திறந்தே கிடக்கட்டும் என்கிறேன். சபையில் அதற்காகவும் பேசுவேன்.

பசுமைப் பாளை:

மேற்கு மூலையைப் பற்றிச் சபையில் எதிரெதிரே நின்று பேசுவோம் அண்ணாச்சி, அதில் எனக்கு வருத்தமில்லை. மற்ற இடம் முழுவதற்கும் எங்கள் நோட்டீசைத் திரும்பப் பெற்றுவிட்டோம். பனங்கொட்டை மூடைகள் வண்டியில் ஏறிவிட்டன. ஞாயிறு காலை குளத்தங்கரைக்கு எந்தப் பாதையில் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தேரிமேல் வண்டி ஏறாமல் வரும் பாதையாக இருக்கட்டும்.